பாட்டும் போட்டியும்: கொழும்பு நகர்ப் பெருஞ்சமர்களும் பொப்பிசைக் கதைப்பாடல்களும்

மாசியும் பங்குனியும் கொழும்பு நகரப் பள்ளி மாணவர்க்குச் சமர்க்காலமாகும். காலி வீதி வழியே கொடி கட்டிய சைக்கிள்கள் அணியணியாகச் செல்லும்; திறந்த லொறிகளில் நின்று மாணவர் கூவுவர்; ஊதுகுழலும் முரசும் கலந்து ‘பப்பரே’ முழங்கும். வெள்ளவத்தைச் சந்தைக்கு மரக்கறி வாங்க வந்த முதியோர் காதைப் பொத்திக்கொள்வர். அவர்களுள்ளும் சிலர் தம் இளமையில் அதே லொறிகளில் நின்று கூவியவர்களே என்பது வேறு கதை. ஆட்டத்தின் பெயர் துடுப்பாட்டம். ஆயினும் மைதானத்தின் ஓரத்திலே கூடாரங்களில் இருப்போரிற் பலர் பந்தைப் பார்ப்பதினும் பாடுவதிலேயே பொழுதைக் கழிப்பர். மட்டை பிடித்தவன் ஆட்டமிழந்தானா என்பதை அவர்கள் அறிவது பாட்டு நின்று கூச்சல் எழும்போதுதான்.

விளையாட்டு வரலாறு எழுதுவோர் ஓட்டங்களையும் விக்கெற்றுகளையும் எண்ணுவர். இசை வரலாறு எழுதுவோர் பண்ணையும் கீர்த்தனத்தையும், மிஞ்சினால் நாட்டார் பாடலையும் ஆராய்வர். இவ்விரண்டும் சந்திக்கும் அக்கூடாரத்தை எட்டிப் பார்ப்போர் அரியர். ஆனால் எட்டிப் பார்க்குமிடத்து ஓர் உண்மை புலப்படும். நெடுங்காலம் நிலைத்த போட்டி ஒவ்வொன்றின் அருகிலும் ஒரு பாட்டு நிற்கிறது. அப்பாட்டு வெற்றியிலும் தோல்வியையே விரும்பிப் பாடுகிறது. எல்லாவற்றுக்கும் மேலாக, அதன் மெட்டை எதிர்க்கட்சியாரும் அறிந்திருக்கின்றனர். இம்மூன்றனுள் இறுதியாகக் கூறியதே இன்றியமையாதது. மெட்டுப் பொதுவாய் இருக்கும் வரையில் போட்டி போட்டியாகவே இருக்கும். அது போகுமானால் போட்டி வேறொன்றாக மாறிவிடும்.

இலங்கைப் பள்ளிகளின் சமர்களுள் மூத்தது றோயல் கல்லூரிக்கும் சென் தோமஸ் கல்லூரிக்கும் இடையே நிகழ்வதாகும். 1879ஆம் ஆண்டில் ஆசிரியரும் மாணவரும் கலந்து ஆடினர். 1880 முதல் மாணவர் மட்டுமே ஆடி வருகின்றனர். இரண்டு உலகப் போர்களாலும் இவ்வாட்டம் தடைப்படவில்லை. இன்று கல்கிசைக் கடலோரத்தில் விளங்கும் சென் தோமஸ் கல்லூரி 1851இல் நிறுவப்பட்டது கொட்டாஞ்சேனையை அடுத்த முகத்துவாரத்திலே என்பதும், 1918இலேயே அது கல்கிசைக்குப் பெயர்ந்தது என்பதும் வடகொழும்பு வாசிகளிற் பலர் மறந்த செய்தி. றோயல் கல்லூரியோ அந்நாளிற் ‘கொழும்பு அக்கடமி’ என்னும் பெயருடன் புதுக்கடைப் பக்கத்து மேட்டில் இருந்தது. முதலாட்டம் நிகழ்ந்த காலிமுகத் திடலுக்கு ஆட்டக்காரர் பேரை வாவியைப் படகிற் கடந்து சென்றனர் எனப் பழைய மாணவர் கூறுவர். இரண்டு கல்லூரிகளும் இடம்பெயர்ந்து விட்டன, வாவியும் பெரும்பகுதி தூர்ந்து சுருங்கிவிட்டது. படகுக் கதை மட்டும் ஆண்டுதோறும் கரையேறிக்கொண்டிருக்கிறது.

இச்சமரின் மிகச் சுவையான கதை ஒரு தோல்வியைப் பற்றியது, அல்லது தோல்வியா அன்றா என்று இன்றும் முடிவாகாத ஒன்றைப் பற்றியது. 1885ஆம் ஆண்டு ஆட்டத்தில் றோயல் அணியினர் அனைவரும் 9 ஓட்டங்களுக்கு ஆட்டமிழந்தனர். மறுநாள் ஆட்டம் தொடரவில்லை. தோமியர் தாம் வென்றதாகவே கணக்கெழுதுவர். றோயலார் அது முடிவின்றிப் போனதாகக் கணக்கெழுதுவர். ஒரே ஆட்டத்துக்கு இரண்டு ஏடுகள்! வேறெந்த ஆண்டின் வெற்றியையும் நினைவில் வைத்திராத சிறுவனும் இந்த 9 என்னும் எண்ணை அறிவான். வெற்றி கேடயத்திற் பொறிக்கப்பட்டு அலுமாரிக்குட் போய்விடுகிறது. தோல்வியோ வாய்க்கு வாய் தாவிச் செல்கிறது.

ஏனைய சமர்களை ஈண்டு விரிக்க வேண்டியதில்லை. மருதானைச் சென் ஜோசப் கல்லூரியும், பம்பலப்பிட்டி முடிந்து வெள்ளவத்தை தொடங்கும் எல்லையில் உள்ள சென் பீற்றர்ஸ் கல்லூரியும் 1933 முதல் மோதி வருகின்றன. யாழ்ப்பாணத்தில் மத்திய கல்லூரியும் சென் ஜோன்ஸ் கல்லூரியும் 1904 முதல் ஆடும் ஆட்டம் ‘வடக்கின் பெருஞ்சமர்’ எனப்படும். யாழ்ப்பாணம் இந்துக் கல்லூரியும் பம்பலப்பிட்டி இந்துக் கல்லூரியும் சந்திப்பதும் இந்துக்களின் சமர் என்றே வழங்கும். போர், சமர் என்னும் சொற்கள் சிறுவர் விளையாட்டுக்கு மிகை என்று தோன்றலாம். உண்மைப் போர் வடபுலத்தைச் சூழ்ந்து பெருஞ்சமரையே சில ஆண்டுகள் நிறுத்திவைத்த பின்னரும், அங்குள்ளோர் தம் ஆட்டத்துக்கு அச்சொல்லையே வைத்திருந்தனர். சொல்லை விளையாட்டுக்கென மீட்டு வைத்தனர் போலும்.

இக்கூடாரங்களிற் பாடப்படுவது பெரும்பாலும் பைலா. ‘ஆடுதல்’ என்னும் பொருளுடைய போர்த்துக்கேயச் சொல்லிலிருந்து இப்பெயர் வந்தது. 1505இற் கரை சேர்ந்த போர்த்துக்கேயரோடும், அவர்கள் கொணர்ந்த ஆபிரிக்க வழியினரோடும் இவ்விசை இத்தீவில் வேரூன்றிற்று. மேலைக் கரையிற் சிங்களவரும் பறங்கியரும் இதனை வளர்த்தனர். மட்டக்களப்புப் பறங்கியர் தம் திருமண வீடுகளில் இதன் பழைய வடிவங்களைப் பேணினர். காவற்றுறையிற் பணியாற்றிய வொலி பஸ்தியான் (1914–1985) குழுவாகச் சேர்ந்து பாடும் பைலாவைப் பரப்பி, இந்நாள் வடிவத்தை அதற்கு அளித்தார்.

அதற்கு முன்னிருந்த ‘வாத பைலா’ என்பதே இக்கட்டுரைக்கு மிக வேண்டியது. மேடையிற் பாடகர் இருவரோ பலரோ நிற்பர். பொருள் ஒன்று கொடுக்கப்படும். அதனை ஒட்டியும் வெட்டியும் அவர்கள் உடனுக்குடன் செய்யுள் கட்டிப் பாடுதல் வேண்டும். யாப்பும் தாளமும் தவறியவன் விலகுவான்; நடுவர் வெற்றி கூறுவர். பாட்டே அங்கே பந்தயம். தஞ்சை நாட்டில் மன்மதன் எரிந்தான், எரியவில்லை என இரு கட்சியாய்ப் பிரிந்து விடியுமட்டும் பாடும் லாவணி இதற்கு நெருங்கிய உறவினது எனலாம். இரண்டிலும் ஒரு நியதி காணத்தக்கது. எதிரியை எத்துணை கடிந்து பாடினும் எதிரியின் மெட்டிலேயே பாட வேண்டும். மெட்டை விட்டவன் வாதத்தையும் விட்டவனாவான்.

போட்டியும் பாட்டும் பிரிக்கவொண்ணாது பிணைந்து நின்ற மிகப் பழைய வடிவத்தைத் தேடுவோர் கொழும்பை விட்டு மட்டக்களப்புக்குச் செல்லுதல் வேண்டும். அங்கே கண்ணகி அம்மன் கோயில்களைச் சார்ந்து நிகழ்ந்து வந்த கொம்பு விளையாட்டு, கொம்புமுறி என்றும் சொல்லப்படுவது, தமிழரின் பெருஞ்சமர்களுள் முதலிடம் பெறத் தகுந்தது. மழை பொய்த்த காலத்தும் கொள்ளை நோய் வந்த காலத்தும் அம்மனின் சினந் தணிக்க இதனை எடுப்பது மரபு. ஊர் வடசேரி, தென்சேரி என இரண்டாகும். வடசேரி கோவலன் கட்சி, தென்சேரி கண்ணகி கட்சி. கொக்கி போல் வளைந்த வலிய மரக்கொம்புகள் இரண்டை ஒன்றோடொன்று கோத்துக் கயிறு பிணித்து இரு கட்சியாரும் இழுப்பர். ஒன்று முறியும் வரை இழுப்பு ஓயாது. முறிந்ததும் வென்றவர் ஆடிப் பாடித் தோற்றவரை வசை பாடுவர். வேறு நாளிற் பாடினாற் கைகலப்பாகிவிடும் சொற்களை அந்நாளிற் கேட்டுப் பொறுத்துக்கொள்வதும் வழிபாட்டின் பகுதியே.

இதற்கு அடிப்படையான கதை எளியது. கண்ணகியும் கோவலனும் மரத்திலிருந்த சண்பகப் பூவைக் கொக்கத்தடி கொண்டு பறிக்க முயன்றனர். தடிகள் இரண்டும் சிக்கிக்கொண்டன. விடுவிக்க இழுத்த இழுப்பே விளையாட்டாயிற்று. கணவன் மனைவியரிடையே எழுந்த சிறு பிணக்கு! அப்பிணக்குப் பின்னர் எங்கே சென்று முடிந்தது என்பதை அக்கூட்டத்தில் அறியாதவர் எவருமிலர். வைகாசியில் அதே கோயில்களிற் பாடப்படும் கண்ணகி வழக்குரையைக் கேட்டுக் கண்ணீர் விடுபவர்களும் அவர்களே. தம் ஊரின் இரு பாதிகளும் அக்கதையின் இரு பாதிகள் என்பதை மனத்திற்கொண்டே அவர்கள் கயிற்றைப் பற்றினர். கோவலன் கட்சி வென்றாலும் மதுரையில் அவன் வெட்டுண்டதை அழிக்க முடியாது. கண்ணகி கட்சி வென்றாலும் அவள் தாலி திரும்பாது. வென்றவனும் அழவேண்டிய கதையைப் போட்டியின் அடியில் வைத்த முன்னோரின் அறிவு வியக்கத்தக்கது. வித்துவான் வி. சீ. கந்தையா 1964இல் வெளியிட்ட ‘மட்டக்களப்புத் தமிழகம்’ என்னும் நூல் இவ்வழக்கங்களைப் பற்றி அறிய விரும்புவோர்க்குப் பெருந்துணையாகும்.

இவ்விளையாட்டுத் தமிழர்க்கு மட்டும் உரியதன்று. சிங்களவர் இதனை ‘அங்கெலிய’ என்பர். அவர்கட்குக் கண்ணகி பத்தினித் தெய்யோ, கோவலன் பாலங்க. மேற்கட்சி பாலங்கனுக்கு, கீழ்க்கட்சி பத்தினிக்கு. பூப்பறித்த கதை அங்கும் அதுவே, கொம்பு சிக்கிய கதையும் அதுவே. இரு மொழியினர் ஒரு பெண்ணின் துயரைப் பாடி, ஒரே வகைக் கொம்பை இழுத்திருக்கின்றனர் என்னும் செய்தியைக் கட்டுரையின் எஞ்சிய பகுதியைப் படிக்குங்கால் நினைவிற் கொள்ளுதல் நன்று.

நிற்க. கொழும்புக்கு மீள்வோம். 1960களின் பிற்பகுதியிலும் 1970களிலும் இலங்கைத் தமிழரிடையே தோன்றிய பொப்பிசை, பைலாவின் தாளத்தையும் கித்தாரின் ஒலியையும் ஈழத்துப் பேச்சுத் தமிழையும் ஒன்றாகக் குழைத்தது. திருகோணமலையின் பரமேஷ் – கோணேஷ் சகோதரர், நித்தி கனகரத்தினம், ஏ. ஈ. மனோகரன், அமுதன் அண்ணாமலை முதலியோர் அதன் முன்னோடிகளாவர். இலங்கை வானொலி இப்பாடல்களை வீடுதோறும் கொண்டுசென்றது. 1970இற் பதவியேற்ற அரசு இறக்குமதிகளை இறுக்கிய காலத்திலே, தென்னிந்தியாவையே நோக்கிக்கொண்டிருந்த ஈழத்துச் சுவைஞர் தம் வீட்டு முற்றத்தையும் திரும்பிப் பார்க்கத் தலைப்பட்டதும் இவ்விசைக்குத் துணைசெய்தது.

கற்றோர் பலர் இதனை மதிக்கவில்லை. கொச்சைத் தமிழ் என்றனர், குடிகாரர் கூத்து என்றனர். அக்குற்றச்சாட்டு முற்றும் பொய்யென்று கூறமுடியாது. தாளத்துக்காகப் பொருளைக் கைவிட்ட பாடல்களும் அவற்றுள் உண்டு. ஆனால் நல்லனவற்றை எடுத்து நோக்குவார்க்கு அவை கதைப்பாடல்கள் என்பது முதலில் விளங்கும். நித்தி கனகரத்தினத்தின் ‘சின்ன மாமியே’ ஒரு நாடகக் காட்சி. மாமியின் மகள் எங்கே என்று மருமகன் முறையினன் கேட்கிறான். மகள் படிக்கவே சென்றாள் என்பது மாமியின் நம்பிக்கை, அவனுக்கோ ஐயம். யாழ்ப்பாணத்தில் மச்சாளை மணப்பது உரிமை. அவ்வுரிமையை நம்பியிருந்த ஓர் இளைஞன், பெண்கள் பள்ளிக்கும் பட்டினத்துக்கும் போகத் தொடங்கிய காலத்தில் அவ்வுரிமை தன் கையை விட்டு நழுவுவதை உணர்கிறான். துள்ளும் தாளத்தின் கீழே ஒரு தோல்வி கிடக்கிறது. கேட்போர் சிரிப்பர், பாடுவோன் சிரிப்பதில்லை. அவருடைய ‘கள்ளுக்கடைப் பக்கம் போகாதே’ என்னும் பாட்டும் கெஞ்சும் குரலொன்றின் கதைதான். அதனைக் குடிகாரர் கூத்து என்றவர்கள், குடியைத் தடுக்கும் பாட்டைக் குடிப்பாட்டு என்று பழித்தவராவர்.

இவை நாட்டார் கதைப்பாடலின் நேர் வாரிசுகள் எனக் கொள்ளுதல் தகும். நல்லதங்காள் கதையைக் கேட்டு அழுத பாட்டியின் பேரன் சின்ன மாமியின் கதையைப் பாடி ஆடினான். கதை சுருங்கிற்று, இரவு முழுவதும் பாடியது மூன்று நிமிட இசைத்தட்டில் அடங்கிற்று. காரணமும் அதுவே: இசைத்தட்டின் ஒரு பக்கம் இடங்கொடுத்த அளவு அவ்வளவே. காவியத்தின் நடுப்பகுதி முழுவதும் உதிர்ந்துபோக, ஓர் உரையாடலும் ஒரு பல்லவியும் எஞ்சின. பல்லவி மீண்டும் மீண்டும் வருதலால் முதன்முறை கேட்பவனும் இரண்டாம் முறை உடன்பாடுவான். மைதானக் கூடாரத்துக்கு வேண்டியதும் இதுவன்றோ?

‘பொப்பிசைச் சக்கரவர்த்தி’ எனப் புகழப்பட்ட ஏ. ஈ. மனோகரனை நாடறியச் செய்த ‘சுராங்கனி’ இன்னும் ஒரு படி கடந்தது. தமிழர் ஒருவர் பாடிய அப்பாட்டின் தொடக்கம் சிங்களம். சுராங்கனி என்பாளுக்கு மீன் கொண்டுவந்திருப்பதாகக் கூறும் அச்சிறு கதை, மொழிபெயர்ப்பை வேண்டாது மொழி கடந்தது. 1977இல் ‘அவர் எனக்கே சொந்தம்’ என்னும் தமிழகத் திரைப்படத்தில் இளையராஜா இசையில் அது மறுபிறவி எடுத்தது. கொழும்புச் சமர்க் கூடாரங்களிலும் பள்ளிச் சுற்றுலா பஸ்களிலும் அதனைச் சிங்களச் சிறுவனும் தமிழ்ச் சிறுவனும் முஸ்லிம் சிறுவனும் ஒருங்கே பாடினர். சொற்கள் எவர்க்கு உரியன என்று எவரும் கேட்கவில்லை. மனோகரன் 1978இல் வெளியான ‘வாடைக்காற்று’ முதலிய படங்களில் நடித்துப் பின்னர்த் தமிழகம் சென்று, 2018 ஜனவரி 22ஆம் நாள் சென்னையில் மறைந்தார். அன்று அவரைப் பற்றி எழுதியோர் பெரும்பாலும் நினைவு கூர்ந்தது சுராங்கனியையே.

தோல்வியைப் பாடிப் போட்டியைப் பேணுதல் நம்மவர்க்கு மட்டும் உரிய வழக்கமா என்று வினவலாம். அன்று. துடுப்பாட்டத்தின் உறவினதாகிய பேஸ்போல் ஆட்டத்திலே அமெரிக்கர் 1903 முதல் ‘உலகத் தொடர்’ என்னும் இறுதிப்போட்டியை நடத்துகின்றனர். அதன் வரலாற்றிற் புகழ்பெற்ற பகை நியூயோர்க் நகரின் இரு பகுதிகளுக்கிடையே மூண்டது. யாங்கீஸ் அணி செல்வாக்கு மிக்கது. புரூக்ளின் டொட்ஜர்ஸ் அணி உழைப்பாளர் வாழும் பகுதிக்கு உரியது. 1941, 1947, 1949, 1952, 1953 ஆகிய 5 ஆண்டுகளில் டொட்ஜர்ஸ் யாங்கீஸிடமே தோற்றது. ஒவ்வொரு தோல்வியின் பின்னும் ‘அடுத்த ஆண்டு பார்க்கலாம்’ என்று புரூக்ளின் மக்கள் கூறிய சொல் பழமொழியாயிற்று. 1947இல் அவ்வணியிற் சேர்ந்து, இருபதாம் நூற்றாண்டின் முதன்மைக் குழுக்களிற் கறுப்பின ஆட்டக்காரர்க்கு அடைத்திருந்த கதவைத் திறந்த ஜக்கி ரொபின்சனைப் பற்றி 1949இலேயே பாட்டுக் கட்டி இசைத்தட்டில் வெளியிட்டனர். 1955இல் ஏழாம் ஆட்டத்தில் டொட்ஜர்ஸ் வென்றது. 1957ஆம் ஆண்டுப் பருவம் முடிந்ததும் அவ்வணியை அதன் உரிமையாளர் லொஸ் ஏஞ்சலிசுக்குக் கொண்டுசென்றுவிட்டார். புரூக்ளினுக்கு எஞ்சியது அந்த ஒரு வெற்றியும் அதற்கு முந்திய தோல்விகளின் கதையுமே.

அமெரிக்கர் பேஸ்போலைப் பற்றி எழுதியவற்றுள் மிகுதியும் வாயிற் புழங்குவது, ஏர்னெஸ்ற் தேயர் 1888இல் சான்பிரான்சிஸ்கோச் செய்தித்தாள் ஒன்றில் வெளியிட்ட ‘கேசி’ என்பானைப் பற்றிய கதைச்செய்யுள். ஊரே நம்பியிருந்த வீரன் இறுதியில் அடிக்கத் தவறுகிறான்; அவ்வளவே கதை. அதனை மேடைகளில் ஒப்புவிப்பதையே ஒரு நடிகர் தம் வாழ்நாட் புகழாகக் கொண்டார். அவன் அடித்து வென்றிருந்தால் அச்செய்யுளை இன்று எவர் அறிவார்? உருக்கக் கதைப்பாடல்களிலும் இதுவே நிலை. ஆங்கிலப் பொப்பிசையில் 1960இல் வெளியான ‘ரெல் லோரா ஐ லவ் ஹேர்’ என்னும் பாட்டில், காதலிக்கு மோதிரம் வாங்கப் பரிசுப்பணம் வேண்டிக் கார்ப்பந்தயத்தில் இறங்கிய இளைஞன் உயிர்விடுகிறான். மிகைச்சுவை என்று அதனைத் தள்ளியோர் உளர். ஆயினும் ஆடவன் பரிசு பெற்று வந்து மோதிரம் அணிவித்தான் என்று முடிந்திருப்பின் அப்பாட்டு அவ்வாண்டைத் தாண்டியிராது.

எனினும் ஒரு வேறுபாடு குறிக்கத்தக்கது. புரூக்ளினார் பாட்டு புரூக்ளினார்க்கே. யாங்கீஸ் பக்கத்தார் அதனைப் பாடார். இலங்கையிலோ றோயற் கூடாரத்தில் எழும் மெட்டுத் தோமியர் கூடாரத்திலும் எழும். சொல் ஒன்று மாறும், கல்லூரிப் பெயர் மாறும், மெட்டு மாறாது. கொம்புமுறியிலும் வாத பைலாவிலும் கண்ட நியதியே இது. பெயரை மட்டும் மாற்றிப் பாடக்கூடிய பாட்டைக் கொண்டு ஒருவன் எதிரியை எவ்வளவு தூரம் வெறுத்துவிட முடியும்?

இந்நகரம் அதற்கு மாறான காலத்தையும் கண்டது. 1983 யூலையில் வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் தமிழர் கடைகளும் வீடுகளும் எரிந்தபோது, அங்கே பாட்டு எதுவும் இல்லை. சுராங்கனியை உடன்பாடிய தலைமுறையினரே தீ வைத்தவருள்ளும் இருந்திருப்பர், அயலவரைத் தம் வீட்டில் ஒளித்துக் காத்தவருள்ளும் இருந்திருப்பர். பொதுமெட்டு ஒன்று மட்டும் ஊரைக் காத்துவிடும் என்று எவரும் கருதலாகாது. மைதானத்தின் வேலிக்குள்ளே காத்ததை அது வேலிக்கு வெளியே காக்கவில்லை. ஹெந்தளையில் இருந்த விஜயா படப்பிடிப்பு நிலையம் எரியூட்டப்பட்டபோது அங்கு வைத்திருந்த திரைப்படச் சுருள்கள் பல அழிந்தன. எரிந்த வீடுகளில் இருந்த இசைத்தட்டுகளை எண்ணியவர் எவர்? தட்டையும் அதனைச் சுழற்றிய பெட்டியையும் ஒருங்கே விட்டுவிட்டு ஓடியவர்கள் இந்துக் கல்லூரியிலும் இரத்மலானை விமான நிலையத்துக் கொட்டகையிலும் தங்கியிருந்து, பின் கப்பலேறி யாழ்ப்பாணம் சென்றனர்.

பாடகரும் சிதறினர். நித்தி கனகரத்தினம் அவுஸ்திரேலியாவிற் குடியேறினார். அவர் விவசாயக் கல்வி பயின்று அத்துறையிற் பணியாற்றியவர் என்பதைப் பலர் அறியார். அரங்கிற் பாடுதல் அவர்க்கு வாழ்க்கைத்தொழில் அன்று. ஈழத்துப் பொப்பிசைப் பாடகர்களுள் வேறு தொழில் பார்த்துக்கொண்டே பாடியவர்கள் பலர் என்பதும், அவர்கள் பாட்டில் ஊர்ப்பேச்சு அவ்வளவு இயல்பாக அமைந்ததற்கு அது ஒரு காரணம் என்பதும் எண்ணத்தக்கன.

இவ்வாறு தட்டுகள் அழிந்தபின்னும் பாடல்கள் அழியாமைக்குக் காரணம், அவற்றைத் தட்டிற் சேமியாது வாயிற் சேமித்து வைத்தவர்களே. ரொறன்ரோவிலும் லண்டனிலும் இலங்கைக் கல்லூரிகளின் பழைய மாணவர் சங்கங்கள் உள. கோடைகாலத்தில் அவர்கள் ஒன்றுகூடித் துடுப்பாட்டம் ஆடுவர். ஐம்பது வயது கடந்தோர் முழங்காலுக்குத் துணி சுற்றிக்கொண்டு ஓடுவர். ஓட்டத்தினும் மூச்சே பெரிதாகக் கேட்கும். அங்கே பிறந்து வளர்ந்த பிள்ளைகளுக்குத் தந்தையின் கல்லூரியும் தெரியாது, 1885இன் 9 ஓட்டமும் தெரியாது. சின்ன மாமியின் பல்லவி தெரியும். கனடாவிற் பிறந்த ஒரு சிறுமி மாமி, மருமகன், மச்சாள் என்னும் முறைகளின் பொருளை ஒரு பாட்டின் வாயிலாகக் கேட்டறிவாளாயின், அக்‘கொச்சைத் தமிழ்’ செய்த பணி இலேசானதன்று.

கொழும்பிலும் சமர்கள் தொடர்கின்றன. இன்றைய மாணவர் கையிற் கித்தாரிலும் ஒலிபெருக்கி மிகுதி. புதிய திரைப்பாடல்களும் கூடாரத்திற் புகுந்துவிட்டன. அவற்றுட் பல அடுத்த ஆண்டு வரையில் நில்லா. ஆட்டத்தின் இரண்டாம் நாள் பிற்பகலில், வெயில் தாழ்ந்து, முடிவு ஏறக்குறையத் தெரிந்துவிட்ட வேளையில், பப்பரேக் குழுவினர் களைப்புற்றுப் பழைய மெட்டுகளுக்குத் திரும்புவர். அப்போது பின்வரிசையில் பேரப்பிள்ளைகளோடு அமர்ந்திருக்கும் பழைய மாணவரும் எழுந்து நிற்பர். மைதானத்தின் அப்பக்கத்துக் கூடாரத்திலிருந்தும் அதே தாளம் அரைக் கணம் பிந்திக் கேட்கும்.